ரெட் ஹாட் தேர்வுக்குப் படிக்கையில் மனம் தளர்ந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காட்பாடியில் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பதால், லினக்ஸ் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் வருவார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவர், குடியாத்தத்திலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலேறுகிறவர், கல்லூரி முடித்துவிட்டு சத்துவாச்சாரியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் எனப் பல தரப்பு. பாடத்தில் சந்தேகம் கேட்கிறவர்கள் குறைவு. "அண்ணா, உக்காரவே முடியலை" என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள்.

அவர்கள் எழுதப்போவது ஆர்எச்சிஎஸ்ஏ, லினக்ஸ் கணினிகளை நிர்வகிக்கத் தெரியும் என்பதற்கு ரெட் ஹாட் நிறுவனம் தரும் சான்றிதழ். இஎக்ஸ் 200 என்ற எண் கொண்ட தேர்வு. மூன்று மணி நேரம். நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்கிற வேலை இதில் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கையில் கொடுத்து, இதைச் செய், அதை மாற்று என்பார்கள். 300க்கு 210 வாங்கினால் தேர்ச்சி. இணையம் கிடையாது. கணினிக்குள்ளேயே இருக்கும் மேன் பக்கங்களை, அதாவது ஒவ்வொரு கமாண்டுக்கும் உள்ள உதவிக் குறிப்புகளை, பார்த்துக்கொள்ளலாம். செய்த வேலை ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண்.

இவ்வளவு கடினமான ஒன்றை வேலைக்கு நடுவே, வீட்டுக்கு நடுவே படிக்கிறவர் தளர்ந்து போவதில் ஆச்சரியம் இல்லை. தளர்ந்ததும் "எனக்கு வைராக்கியம் பத்தலை" என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் பிழை ஆளிடம் இல்லை, தயாரிப்பை அமைத்துக்கொண்ட விதத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் ஊக்கம் தானாகப் பின்னால் வருகிறது. ஒரு சர்வீஸ் எழவில்லை என்றால் முதலில் லாகைத்தான், அதாவது கணினி எழுதி வைத்திருக்கும் பதிவைத்தான், திறந்து பார்ப்போம். உங்கள் விஷயத்திலும் அதையே செய்யுங்கள் என்கிறேன்.

படிக்கிறவர்கள் என்னிடம் சொல்கிற வார்த்தைகளையே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படியுங்கள், ஏனென்றால் மற்றதில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

"வீடியோ பாத்தா எல்லாம் புரியுது, டெர்மினல் முன்னாடி உக்காந்தா ஒண்ணும் வரலை"

காரணம்: பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது வேறு, இல்லாத இடத்திலிருந்து நினைவைக் கிளப்பிக் கொண்டுவருவது வேறு. வீடியோ முதலாவதற்குத்தான் பழக்கும். தேர்வு கேட்பது இரண்டாவதை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பிரிவினரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோவை முடித்த கையோடு "புரிஞ்சிடுச்சி" என்று தோன்றுகிறதே, அது அந்த ஐந்து நிமிடக் கணக்கு. உங்கள் தேர்வு பல வாரம் தள்ளி இருக்கிறது.

சோதித்துப் பார்க்க: நேற்று பார்த்த பாடத்தில் ஒரு வேலையைத் தமிழிலேயே தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "இரண்டாவது வட்டில் 1 ஜிபிக்கு ஒரு பார்டிஷன் போடு. அதில் டேட்டாவிஜி என்ற பெயரில் வால்யூம் குரூப், எக்ஸ்டெண்ட் அளவு 16 எம்பி. அதற்குள் 400 எம்பிக்கு ஒரு லாஜிக்கல் வால்யூம். எக்ஸ்எஃப்எஸ் ஃபார்மட். ரீபூட் ஆனாலும் மவுண்ட் ஆக வேண்டும். முடிந்ததும் 200 எம்பி கூட்டு." வீடியோவை மூடிவிட்டு, நோட்டைத் தூர வைத்துவிட்டு, புது வெர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) செய்யுங்கள். கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இந்த வேலையில் கை நிற்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். வால்யூம் குரூப் உருவாக்கும்போதே எக்ஸ்டெண்ட் அளவைச் சொல்ல வேண்டும் என்பது மறந்து போகும். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஆறு பத்திகளில் நான்காவது எது, ஐந்தாவது எது என்று குழப்பம் வரும். கடைசியில் வால்யூமைப் பெரிதாக்கிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்காமல் விட்டுவிடுவார்கள். எல்வி (லாஜிக்கல் வால்யூம்) பட்டியலில் 608 எம்பி காட்டும் (இடத்தை 16 எம்பி துண்டுகளாகத்தான் ஒதுக்கும்), ஃபைல் சிஸ்டத்தின் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்டில் பழைய அளவுதான் காட்டும். எல்வி எக்ஸ்டெண்ட் கமாண்டோடு மைனஸ் ஆர் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகப் பெரிதாகும். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாமே தவிரச் சுருக்க முடியாது என்பதும் இங்கேதான் மனத்தில் பதியும். யாராவது சொல்லி மண்டையில் ஏறுவதைவிட, டிஎஃப்பில் அந்தப் பழைய எண்ணை ஒருமுறை முறைத்துப் பார்த்தால் ஏறுவது அதிகம்.

சரிசெய்ய: வீடியோவுக்கு ஒரு பங்கு நேரம் என்றால் கையால் செய்வதற்கு மூன்று பங்கு. கை நின்ற இடத்தில் கூகுளுக்கு ஓடாதீர்கள். மேன் பக்கத்தைத் திறந்து கேபிடல் ஜி அழுத்துங்கள், நேராகக் கடைசிக்குப் போய்விடும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். என்எம்சிஎல்ஐ கமாண்டுக்கு எடுத்துக்காட்டுகளுக்கென்றே தனி மேன் பக்கம் உண்டு. அப்பாச்சி என்ற வெப் சர்வரை வேறு போர்ட்டில் ஓடவிட எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கில் என்ன செய்ய வேண்டும் என்பது செமேனேஜ் போர்ட் மேன் பக்கத்தில் 81ஆம் போர்ட்டை வைத்து அப்படியே எழுதியிருக்கிறது. எண்ணை மட்டும் மாற்றினால் போதும். தேர்வு அறையில் உங்களுக்குத் துணை அந்தப் பக்கங்கள்தான். இன்றிலிருந்தே அவற்றோடு பழகினால், "மறந்துட்டா என்ன ஆகும்" என்ற பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

"லேப் செட் பண்றதுலயே மாசம் ஓடிடுச்சி"

லேப் என்பது பழகுவதற்கான கணினி அமைப்பு. உற்சாகமாகத் தொடங்கி முதல் வாரத்திலேயே நின்றுபோகிறவர்களில் பலர் இந்த வகை. கையில் பழைய லேப்டாப், இரண்டாவது கையாக வாங்கியது. இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும். தங்களுக்கு லினக்ஸ் வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முதலில் பயாஸில் வெர்ச்சுவலைசேஷன் இயங்கும் நிலையில் இருக்கிறதா பாருங்கள். அடுத்தது பிராசஸர். ரெட் ஹாட்டின் லினக்ஸான ஆர்எச்இஎல் 10க்கு எக்ஸ்86-64-வி3 தரத்து பிராசஸர் வேண்டும். இன்டெலில் 2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான் அது உண்டு. அதற்கு முந்தைய லேப்டாப்பில் அது எழாமல் போனால் குற்றம் உங்களுடையது இல்லை. ஆர்எச்இஎல் 9க்கு வி2 போதும். 10ஆம் பதிப்பையே பழைய இயந்திரத்தில் பழக வேண்டுமென்றால், அதைப் போலவே இயங்கும் இலவச லினக்ஸான அல்மாலினக்ஸ் 10ஐ வி2 பிராசஸருக்கென்றும் தனியாக வெளியிடுகிறார்கள்.

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். ரெட் ஹாட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தா இலவசம். அதில் 16 கணினிகள் வரை பதிந்துகொள்ளலாம். 8 ஜிபி ரேம் இருந்தால் இரண்டு வெர்ச்சுவல் மெஷின் தாராளமாக ஓடும். கிராஃபிக்கல் டெஸ்க்டாப் இல்லாமல் இன்ஸ்டால் செய்தால் இன்னும் இலேசு. முதல் நாளே சுத்தமான நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு எதை உடைத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். உடைக்கப் பயப்படாதவர்தான் தினமும் உட்காருகிறார்.

தேர்வு எந்தப் பதிப்பில் நடக்கிறது என்பதை ரெட் ஹாட்டின் தேர்வு நோக்கங்கள் பக்கத்தில் பார்த்துவிட்டு, அதே பதிப்பில் லேப் வையுங்கள். பழைய பதிப்புக்கான புத்தகத்தில் பாதி தூரம் போன பிறகு விஷயம் தெரிந்து மனம் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் லேப்பை அழகுபடுத்த வேண்டாம். தீம் மாற்றுவதும் பிராம்ப்ட்டுக்கு நிறம் கொடுப்பதும் படிப்புக் கணக்கில் வராது.

"ரயில்ல வந்து இறங்குனா உடம்பு ஒத்துழைக்கலை"

காட்பாடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ காட்பாடியிலோ ஏறி, அரக்கோணம் தாண்டி, வேலை முடித்து அதே வழியில் திரும்பி வருகிறவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து "ஏன் மண்டையில ஏறலை" என்று கேட்டால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரயிலில் லேப்பைத் திறக்க நினைக்காதீர்கள். மூன்று பேர் சீட்டில் நாலு பேர், மடியில் ஒருவர் டிபன் பாக்ஸ், தோளில் இன்னொருவர் தூக்கம். அங்கே தாள்தான் வேலைக்கு ஆகும். ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இடது பாதியில் பத்துப் பணிகளை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வலது பாதியில் ஒவ்வொன்றுக்கும் கமாண்டை நினைவிலிருந்து எழுதுங்கள். சந்தேகம் வந்த வரியில் ஒரு புள்ளி. வீட்டுக்கு வந்ததும் புள்ளி வைத்த வரிகளை மட்டும் டெர்மினலில் அடித்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது, அன்றைய பாடமும் நின்றுவிடாது. முழு லேப் பயிற்சியை ஞாயிறு காலைக்கும் விடுமுறை நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழற்சி ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. "தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் படிப்பேன்" என்ற அட்டவணை இரண்டாவது வாரமே உடையும், ஏனென்றால் அந்த வாரம் எட்டு மணிக்கு அவர் மெஷின் முன்னால் நிற்பார். கடிகாரத்தைப் பிடிக்காமல் ஒரு நிகழ்ச்சியைப் பிடியுங்கள். எந்த ஷிஃப்ட்டானாலும் "தூங்கி எழுந்து காபி குடித்ததும் ஒரு பணி" என்று வைத்துக்கொள்ளலாம். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறவர்கள், வெறுமனே தீர்மானம் எடுப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதினார். ஷிஃப்ட்காரர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் தூக்கத்தை வெட்டிவிட்டுப் படிக்காதீர்கள். அன்று கற்றது நினைவில் உறைவதற்கே தூக்கம் வேண்டும்.

"வெயில் ஆரம்பிச்சதும் படிப்பு போச்சு"

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு யாருக்கும் எஸ்இலினக்ஸ் ஏறாது. லேப்டாப்பும் சூட்டில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெர்ச்சுவல் மெஷின் நத்தையாக ஊரும். அக்னி நட்சத்திர நாட்களில் அதிகாலை நாலரையிலிருந்து ஏழு வரைதான் படிப்பு, பகலில் வேண்டாம். கரண்ட் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தும் நாள் முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். அன்றைக்கு மேலே சொன்ன மடித்த தாள்.

"நடுவுல விட்டுட்டேன், திரும்ப உக்கார மனசு வரலை"

வீட்டில் கல்யாணம், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, காய்ச்சல், அலுவலகத்தில் ஆடிட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிரச்சினை அந்த இடைவெளியில் இல்லை. திரும்பி வருகிறவர் இரண்டு காரியம் செய்கிறார்: விட்டுப்போனதை எல்லாம் ஒரே வாரத்தில் அடைக்கப் பார்க்கிறார், அல்லது முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். இரண்டுமே மலையாகத் தெரியும். அதனால் நாளைக்கு என்று தள்ளுவார்.

1885இல் எபிங்ஹாஸ் தன் நினைவையே சோதித்து ஒரு நூல் வெளியிட்டார். மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்காகத்தான் அவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் உண்மையில் அளந்தது வேறொன்று: மறந்ததாகத் தோன்றும் ஒன்றைத் திரும்பக் கற்கும்போது முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஒரு மாதம் கழிந்த பிறகும் மிச்சம் இருந்தது. நீங்கள் பூஜ்ஜியத்துக்குப் போய்விடவில்லை. உள்ளே இருக்கிறது, தட்டினால் எழும்.

செய்ய வேண்டியது: உங்களுக்கு முன்பு நன்றாகக் கைவந்த ஒரு வேலையை எடுங்கள். பயனர் உருவாக்குவது, குழுவில் சேர்ப்பது, கடவுச்சொல் காலாவதி வைப்பது போல எதுவாவது. இருபது நிமிடம். முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள், இன்னும் செய்யலாம் என்று தோன்றினாலும் சரி. மறுநாள் அதற்கு அடுத்தது. மூன்று நாள் இப்படிப் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து முன்னால் நடங்கள். விட்டுப்போன பாக்கியை அடைக்கத் தனியாக நாள் ஒதுக்க வேண்டாம். மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எடுக்கும்போது எது போயிருக்கிறதென்று தானே தெரியும்.

"ஒரு நாள் 250 வருது, ஒரு நாள் 140"

மாக் டெஸ்ட் மதிப்பெண்ணில் இந்த ஏற்ற இறக்கம் வந்தால் நான் உள்ளூர மகிழ்வேன், ஏனென்றால் படித்தது கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். படிக்கிறவருக்குத்தான் இது பெரிய சோர்வைத் தருகிறது. "தெரிஞ்சதே தப்பா போவுது, என்னா படிச்சி என்னா" என்பார்கள்.

பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு கோப்பு. எஃப்எஸ்டேப்பில் யூயூஐடியில் (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) ஒரு எழுத்து பிசகினாலே, ரீபூட்டில் கணினி முழுதாக எழாமல் எமர்ஜென்சி மோடுக்குள் விழுந்துவிடும். மற்ற இருபது வேலையைப் பொன் போலச் செய்திருந்தாலும் கணினி எழவில்லை என்றால் எதற்கு மதிப்பெண் போடுவார்கள்? அந்த நாள்தான் 140, சில நேரம் பூஜ்ஜியம்.

எஃப்எஸ்டேப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும், சேமித்தவுடன் ஃபைண்ட்மவுண்ட் கமாண்டை வெரிஃபை விருப்பத்தோடு ஓட்டுங்கள். பிழையான வரியைச் சுட்டிக்காட்டும். பிறகு மவுண்ட் மைனஸ் ஏ. பிழைச்செய்தி இல்லாமல் திரும்பினால், ரீபூட். ஒவ்வொரு பணியையும் முடித்த பிறகு ரீபூட் செய்து பார்ப்பது நேர விரயம் என்று தோன்றும். வெர்ச்சுவல் மெஷின் எழ ஒரு நிமிடம்கூட ஆகாது. எமர்ஜென்சி மோடிலிருந்து மீள்வதையும் வேண்டுமென்றே உடைத்துப் பழகுங்கள்: ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு, ரீபூட். நாலைந்து முறை கையால் செய்தவருக்கு அந்தக் கறுப்புத் திரை வந்தால் நெஞ்சு அடைக்காது.

இரண்டாவது காரணம் நிலைக்காத மாற்றம். ஃபயர்வாலில் போர்ட் திறப்பார்கள், பெர்மனென்ட் போட மறப்பார்கள். சர்வீஸை ஸ்டார்ட் செய்வார்கள், எனேபிள் செய்ய மாட்டார்கள். செய்தபோது எல்லாம் ஓடும், ரீபூட்டில் போய்விடும்.

இதற்கு மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு மாக் டெஸ்ட்டுக்குப் பிறகும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: என்ன கேட்டது, எங்கே சறுக்கியது, எதைச் செய்திருந்தால் பிடித்திருக்கலாம். மதிப்பெண்ணை எழுதாதீர்கள். சில வாரத்தில் அதே நாலைந்து பிழைகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். "எனக்கு லினக்ஸ் வராது" என்பது பெரிய, கைக்கு அகப்படாத துக்கம். "நான் பெர்மனென்ட் போட மறக்கிறேன்" என்பது நாளைக் காலையில் சரிசெய்யக்கூடிய ஒன்று. இந்த நோட்டு வைத்த பிறகு படிப்பை விட்டவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

தேர்வில் வேலை செய்யும் வரிசையும் பதற்றத்தைக் குறைக்கும். ரூட் கடவுச்சொல்லை மீட்கச் சொல்லியிருந்தால் அதுதான் முதல் வேலை, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அந்தக் கணினியில் மற்ற எதையும் தொட முடியும். அடுத்து நெட்வொர்க், அதற்கடுத்து மென்பொருள் ரெப்போ (மென்பொருளை எடுத்து நிறுவும் களஞ்சியம்). இந்த மூன்றும் நின்றால் மீதி தனித்தனிப் பணிகள். எது வருமோ அதை முதலில் முடித்துவிட்டுப் போகலாம்.

"கூட படிச்சவன் முடிச்சிட்டான், வீட்ல வேற கேக்குறாங்க"

கூடப் படித்தவர் முடித்தது உங்கள் 300இல் ஒரு மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை. அவரிடம் பொறாமையாக இருந்தாலும் பரவாயில்லை, போய் ஒரு மணி நேரம் கேளுங்கள். கேள்வியைக் கேட்காதீர்கள், அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. எப்படிப் பழகினார், நேரத்தை எப்படிப் பிரித்தார் என்று கேளுங்கள்.

வீட்டு விஷயம்தான் எனக்கு முக்கியம். நம் பக்கத்து வீடுகளில் சான்றிதழ்த் தேர்வு என்றால் என்னவென்று தெரியாமல் இருப்பது இயல்பு. பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்கு என்ன புரியும்? சொல்லாமல் இருப்பதால்தான் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. என்னிடம் வரும் ஒரு தம்பி வீட்டில் நடந்த பேச்சு இது:

"இன்னாடா, ராவெல்லாம் லைட்டு எரியுது. கவர்மெண்டு பரிச்சையா?"

"இல்லம்மா, கம்பெனி பரிச்சை. ஆவணியில எழுதறேன். பாஸ் பண்ணா வேற வேலைக்குப் போலாம்."

"அதுவரிக்கும் கடைக்கு உன்ன அனுப்பக் கூடாதா?"

"காலைல ஏழு வரிக்கும் மட்டும் கூப்புடாதம்மா. மீதி நேரம் சொல்லு, போறேன்."

அவ்வளவுதான். தேதி, நேரம், எதற்காக என்ற மூன்றும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து உறவினர் யாராவது காலையில் ஃபோன் செய்தால், "அவன் பரிச்சைக்குப் படிக்கிறான், எட்டு மணிக்குப் பண்ணு" என்று அந்த அம்மாவே சொல்லிவிடுகிறார்.

"டம்ப் கிடைக்குதாம், வாங்கிடலாமா"

கூடாது. டம்ப் என்பது கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு; அதை வாங்கும் எண்ணம் வருவது களைப்பின் அறிகுறி, அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வெழுதுகிறார்கள். முறைகேடு தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்ய ரெட் ஹாட்டுக்கு உரிமை உண்டு. அதையும் விடுங்கள். நேர்காணலில் ஒரு டெர்மினலைத் திறந்து முன்னால் வைத்து "இந்த சர்வீஸ் ஏன் எழலைன்னு பாருங்க" என்பார்கள். மனப்பாடம் செய்தவர் அங்கே தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கிறபோது வயிறு எரிகிறது. அத்தனை திறமையான பிள்ளைகள். டம்ப் தேடத் தோன்றினால் அன்று படிப்பை மூடிவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் உங்கள் பிழை நோட்டைத் திறங்கள்.

"இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு தேதி போடலாம்"

இந்தக் "கொஞ்சம்" முடிவதே இல்லை. மூன்று முழு மாக் டெஸ்ட்டை மூன்று மணி நேரக் கணக்கில், கடைசியில் ரீபூட் செய்து, தொடர்ந்து 240க்கு மேல் எடுத்துவிட்டால் தேதி போடுங்கள். 210க்கு மேல் ஒரு முப்பது மதிப்பெண் கையிருப்பு பதற்றத்துக்கு. அந்த நிலை வரவில்லை என்றால் தள்ளுவது நியாயம். வந்த பிறகும் தள்ளினால் அது பயம்.

பயத்துக்குப் பாதி காரணம் அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியாததுதான். வீட்டிலிருந்தே எழுதலாம்: யூஎஸ்பி டிரைவிலிருந்து பூட் ஆகும் தனிச் சூழல், வெளியிலிருந்து பொருத்தும் வெப் கேமரா, காலியான மேசை வேண்டும். லேப்டாப் அதற்கு ஒத்துவருமா என்று முன்னதாகவே சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது. கரண்ட்டும் இணையமும் நம்பும்படி இல்லாத தெருவில் இருப்பவர்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ மையத்தில் எழுதுவதே நிம்மதி. அதற்கு முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். காட்பாடியில் ரயில் தாமதம் என்று அறிவிப்பு வரும்போது உங்களுக்குப் படபடப்பு வேண்டாம்.

"படிப்பு மட்டும் இல்லை, எதுவுமே பிடிக்கலை"

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், இந்த வழிமுறையில் உங்களுக்கு விடை இல்லை. புத்தகத்தை மூடுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சிஎம்சியின் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போல இதற்கும் போகலாம். வீட்டில் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள். தேர்வு காத்திருக்கும்.

"எழுதினேன், போயிடுச்சி"

முடிவு மின்னஞ்சலில் வரும்; பெரும்பாலும் மூன்று வேலை நாட்களுக்குள், அதுவும் அமெரிக்க வேலை நாள் கணக்கில். அதுவரை மெயிலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்காதீர்கள். தேர்வு முடிந்த அன்று மாலையே, கேள்விகளை எழுதாமல், எந்தப் பகுதியில் நேரம் போனது, எங்கே மேன் பக்கம் கிடைக்காமல் தேடினீர்கள் என்பதை மட்டும் பிழை நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு நாளில் அது மங்கிவிடும்.

மின்னஞ்சலில் மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை சதவீதம் என்றும் கொடுப்பார்கள். பலர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். காசு கொடுத்துப் பெற்ற லாக் அது, ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டும். எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி பாதியில் நின்றால் வேகம் போதவில்லை. மூன்று மணி நேர மாக் டெஸ்ட்டை இரண்டரை மணிக்குச் சுருக்கிப் பழகுங்கள். ஒரு பகுதி மட்டும் பூஜ்ஜியமாக இருந்து மற்றவை நன்றாக இருந்தால் அந்தப் பாடத்தில் ஓட்டை. அதை மட்டும் இரண்டு வாரம். பல பகுதிகள் சேர்ந்தாற்போல் பூஜ்ஜியம் என்றால் ஒரு கணினி ரீபூட்டில் எழவில்லை என்றே சந்தேகப்படுங்கள். அப்போது உங்கள் அறிவில் குறையில்லை, எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி. அதற்கான பயிற்சி 250-140 பகுதியில் இருக்கிறது.

வீட்டில் அன்றே சொல்லிவிடுங்கள், சதவீதத்தோடு. அடுத்த தேதியை அந்த வாரத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், நான்கிலிருந்து ஆறு வாரம் தள்ளி. பகுதிகளில் எது ஆகக் குறைவோ அதிலிருந்து ஒரு பணியை எடுத்து, பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, மறுநாள் காலை அதிலிருந்தே தொடங்குங்கள்.